உலகப் பரிசு நூல்களும் உச்சமுனைக் கரையும்

வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதிய கடிதம் எமது கையில் கிடைத்தபோது யாம் கற்பிட்டியில் இருந்தோம். பொருளையும் அவர்களே வரையறுத்திருந்தனர்: உலகப் பரிசு பெற்ற ஆசிரியர்களின் நூல்களைப் பற்றி ஒரு பழைய மாணவரின் கருத்து. இத்தகைய கட்டுரைகள் எவ்வாறு அமையும் என்பதை மலர் வாசகர் நன்கறிவர். ஆசிரியர் பிறந்த ஆண்டு, பரிசு பெற்ற ஆண்டு, கதைச் சுருக்கம், ஈற்றில் ஒரு புகழுரை. யாமும் அவ்வழியே நாலு பக்கம் எழுதி அஞ்சலிற் சேர்த்திருப்போம். ஆனால் எமது உறவினர் ஒருவர் கருவாட்டு வியாபார நிமித்தம் உச்சமுனைக்குப் புறப்பட்டவர், "சும்மா இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், வாருங்கள்" என எம்மையும் உடன் அழைத்துவிட்டார்.

உச்சமுனையை அறியாதோர்க்கு இரண்டொரு வார்த்தை. புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கரையை ஒட்டிக் கடலுள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடல் அது. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் களப்பு. படகேறியே யாம் சென்றோம். கடல் அடங்கிய மாதங்களில் மீனவர் இக்கரைகளில் வாடி அடித்துத் தங்குவர். சோளகம் எழுமுன் வாடியைக் கலைத்து வேறு கரை நாடுவர். யாம் சென்றது மாசி மாதம். கையில் நான்கு நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' என்னும் கதையின் தமிழாக்கம். நமது கல்லூரி நூலகத்தில் இரவல் பெற்றது. ஏனைய மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளவை. எமது சொந்தப் பிரதிகள். பொழுது போக்குவதற்கென்றே அவற்றைக் கொண்டு சென்றோம். வேறு நோக்கம் இருந்ததில்லை.

நூல்களுக்குள் நுழையுமுன் பரிசைப் பற்றி ஒரு சொல். ஒரு நூலைக் குறித்து நெடுந்தொலைவிலுள்ள சிலர் கூடியிருந்து கூறும் தீர்ப்பே பரிசு. அது மதிக்கத்தக்கதே, ஆயினும் கைகட்டி ஏற்கத்தக்கதன்று. 1901 இல் நோபல் இலக்கியப் பரிசு முதன்முதல் வழங்கப்பட்ட வேளையில் ருசிய நாட்டிலே டால்ஸ்டாய் உயிரோடிருந்தார். 1910 வரை வாழ்ந்தார். பரிசு அவர் வாயிலை நாடவில்லை. அந்த முதலாண்டிற் பரிசு பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் சல்லி புருதோமின் பெயரை இன்று இலக்கியம் போதிப்போரும் சற்று யோசித்தே சொல்வர். எனினும் பரிசினால் நமக்கு ஒரு பயன் உண்டு. யாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில் நூலகத்து மர அலுமாரி ஒன்றில் க. நா. சுப்ரமண்யம் மொழிபெயர்த்த நூல்கள் இருந்தன: நுட் ஹாம்சனின் 'நிலவளம்', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி', செல்மா லாகர்லெவின் 'மதகுரு'. நோர்வேயும் சுவீடனும் தேசப்படத்தில் எங்குள்ளன என்பதையும் செவ்வையாக அறியாத பையன்களாகிய யாம், நோர்வீஜியக் குடியானவன் ஒருவன் தரிசு நிலத்தைக் கொத்திப் பண்படுத்துவதை, நமது தோட்டக்காரர் ஒருவருடைய கதை போலப் படித்தோம். அம்மூவரும் நோபல் பரிசு பெற்றவர் என்பது அட்டையில் அச்சிட்டிருந்தது. அந்த அச்சு இன்றேல் நூலகர் அவற்றை வாங்கியிருப்பாரோ என்பது ஐயமே. பரிசு நூலை வாங்குவித்தது; எம்மைப் படிக்கச் செய்தது தமிழ். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது அன்று எமக்குப் புலப்படவில்லை.

உச்சமுனையில் முதல் இரவே ஹெமிங்வேயைக் கையிலெடுத்தோம். பகலில் வெயிலில் வைத்து மின்னேற்றிய விளக்கு ஒன்று வாடியின் நடுக்கம்பத்தில் தொங்கியது. சம்மாட்டியாரும், இரு இளைஞரும், எழுபதைக் கடந்த மீனவர் ஒருவரும் இருந்தனர். கையில் என்ன நூல் என்று இளைஞருள் ஒருவர் வினவ, ஒரு கிழவர் கடலுக்குப் போன கதை என்றோம். வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்றெண்ணியே தொடங்கினோம். மூன்றிரவு வாசிக்க நேர்ந்தது.

கதையை வாசகர் அறிவர். கியூபா நாட்டு மீனவர் சாந்தியாகோவுக்கு எண்பத்துநான்கு நாளாக ஒரு மீனும் படவில்லை. முதல் நாற்பது நாள் உடன் சென்ற பையனைப் பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிடுகின்றனர். எண்பத்தைந்தாம் நாள் தனியே வெகுதூரம் போகிறார். ஈட்டி போல் நீண்ட அலகுடைய பெருமீன் ஒன்று தூண்டிலை விழுங்கிப் படகையே இழுத்துச் செல்கிறது. கொன்று படகோரம் கட்டிக் கொணரும் வழியிற் சுறாக்கள் தின்றுவிடுகின்றன. கரை சேர்வது எலும்புக்கூடு. 1952 இல் இக்கதை முழுவதும் அமெரிக்க வார இதழ் ஒன்றின் ஒரே இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும், 1954 இல் ஆசிரியருக்கு நோபல் பரிசும் கிடைத்தன.

கல்லூரியில் இந்நூலை எமக்குப் போதித்த ஆசிரியர் தோல்வியிலும் வீழாத மானுடம் என்பதே இதன் உட்பொருள் என்றார். யாமும் பின்னர் ஆசிரியராகி அதையே முப்பதாண்டு சொன்னோம். வாடியில் இருந்தோர் மானுடத்தைப் பற்றி யாதும் பேசவில்லை. பையனின் பெற்றோர் செய்தது சரி என்றார் சம்மாட்டியார்; நாற்பது நாள் மீன்படாத படகிற் பிள்ளையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? கிழவர் தமது மீன் ஆயிரத்தைந்நூறு இறாத்தலுக்கு மேலிருக்கும், வெட்டிக் கழித்தால் மூன்றில் இரண்டு தேறும், இறாத்தல் முப்பது சதமாயின் எவ்வளவு என்று எண்ணி, அதைக் கணக்கிடப் பென்சில் வேண்டுமே என நினைக்கும் இடம் ஒன்றுண்டு. யாம் எத்தனையோ முறை படித்தும் அவ்விடத்தில் நின்றதில்லை. இளைஞருள் ஒருவர் உடனே கைத்தொலைபேசியை எடுத்துப் பெருக்கி, "முந்நூறு டொலர்" என்றார். அதன்பின் ஒவ்வொரு சுறா வரும்போதும் எத்தனை இறாத்தல் போயிற்று என்று கேட்கலானார். கதையின் துன்பம் இப்போதுதான் எமக்கு உறைத்தது. சுறா கடித்தது மானுடத்தையன்று. ஒரு கிழவருடைய சீவனத்தை.

முதிய மீனவர் அதிகம் பேசுபவரல்லர். சாந்தியாகோவின் இடக்கை இறுகி விறைத்துப்போகும் பகுதியை வாசித்தபோது அவர் தம் இடக்கையை வலக்கையாற் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். கயிறு உள்ளங்கையை அறுக்கும் இடத்தில் தமது கையை விரித்து விளக்கின் கீழ் நீட்டினார். பழைய வடுக்கள் இருந்தன. கிழவர் காணும் சிங்கக் கனவை எவரும் பொருட்படுத்தவில்லை. அச்சிங்கங்களுக்கு நமது மாணவர் விடைத்தாளில் எழுதியுள்ள விளக்கங்களைத் திரட்டினால் இம்மலரின் பாதியளவு தேறும். நூலிற் குறியீடு எதுவும் இல்லையென ஹெமிங்வேயே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார் என்பதை இங்கு குறித்து வைக்கிறோம். ஆனால் அவர் சொல்லையும் முழுதாக நம்புதற்கில்லை. சுறாக்கள் வருவதைக் கண்ட கிழவர் வாயிலிருந்து எழும் ஓசையை, கையில் ஆணி அறையப்படுவோன் எழுப்பும் ஓசைக்கு ஒப்பிட்டவர் அவரேயன்றோ? பாய்மரத்தைத் தோளிற் சுமந்து மேட்டில் விழுந்தெழச் செய்தவரும் அவரே. அவ்விடத்தில் ஆசிரியர் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்பது எமது எண்ணம். வாடியில் இருந்த நால்வரும் கத்தோலிக்கர். அவர்களுள் ஒருவரேனும் சிலுவையை நினைத்ததாகத் தோன்றவில்லை. பாய்மரத்தைப் படகிலேயே விட்டுவரக்கூடாதா, களவு போகுமோ என்றுதான் கேட்டார்கள்.

இறுதியில் ஒரு காட்சி வரும். உல்லாசப் பயணியான பெண் ஒருத்தி கரையிற் கிடக்கும் நீண்ட முள்ளந்தண்டைக் கண்டு, இஃதென்ன என வினவுகிறாள். பரிசாரகன் சுறாக்கள் செய்ததைச் சொல்ல முயல, அவள் அது சுறாவின் எலும்பென்றே விளங்கிக்கொண்டு, சுறாவுக்கு இத்துணை அழகிய வால் உண்டென்பதை அறியேன் என்கிறாள். கற்பிட்டிக்கு இக்காலத்தில் ஓங்கில் பார்க்கவும் பட்டம் கட்டி அலைமேல் ஓடவும் பிற நாட்டார் வருகின்றனர். அதை மனத்திற்கொண்டு போலும் முதியவர், "எங்கட பக்கம் வாறவங்களும் அப்பிடித்தான், மாஸ்டர். எலும்பத்தான் பார்ப்பாங்க" என்றார். யாம் விடைகூறவில்லை. முப்பதாண்டு இந்நூலைப் போதித்த யாமும் அப்பெண்ணின் பக்கத்தில் நின்றவர்தாமோ என்ற எண்ணம் வந்தது.

தமக்குக் கிடைத்த நோபல் பதக்கத்தை ஹெமிங்வே கியூபாவின் எல் கோப்ரே ஆலயத்து மாதாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார் என்பதை மூன்றாம் இரவு சொன்னோம். நால்வரும் அதை மிக விரும்பினர். பங்குனியிலும் ஆவணியிலும் தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகின்றவர்கள் அவர்கள். பரிசைப் பற்றி யாம் கூறிய யாவற்றிலும் இதுவொன்றே அவர்களுக்கு முழுதும் விளங்கியது.

இரண்டாம் நூல் ஜோன் ஸ்டைன்பெக்கின் 'முத்து'. 1947 இல் வெளிவந்தது. இதற்கு அத்துணை நேரம் செல்லவில்லை. ஏழை முத்துக்குளிப்போன் கீனோவுக்கு ஒப்பற்ற முத்து ஒன்று கிடைக்கிறது. வாங்குவோர் தமக்குள் கூடி விலையைத் தாழ்த்துகின்றனர். பேராசையும் கொலையும் தொடர, குழந்தையை இழந்த கீனோ முத்தைக் கடலிலேயே எறிந்துவிடுகிறான். யாம் கதையைத் தமிழிற் சொல்லி முடித்ததும் சம்மாட்டியார், "முத்தக் கடல்ல எறிஞ்ச ஆள நான் கண்டதில்ல" என்றார். அவ்வளவே அவருடைய விமரிசனம்.

அதற்கு அவர் கூறாத காரணமும் ஒன்றுண்டு. இக்கரைக்கு முத்து புதியதன்று. 1344 இல் இங்கு வந்த இபுனு பதூதா, பத்தாலா என்று தாம் குறிக்கும் நகரில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டபோது அம்மன்னர் முன்னே முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர் என எழுதுகிறார். அந்நகர் புத்தளமே என்பர். பிற்காலத்தில் ஆங்கிலேயர் மன்னார்க் கடலில் நடத்திய முத்துக்குளிப்பில், 1906 இல் மரிச்சுக்கட்டியிற் கடமை பார்த்தவருள் ஒருவர் இளைஞராயிருந்த லெனாட் வூல்ப். அங்கு நடந்த முறை யாதெனின், குளிப்போர் எடுத்த சிப்பிகளுள் ஒரு பங்கு அவர்களுக்கு, பெரும்பங்கு அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாகத் திறவாமலே ஏலம் விடுவர். வாங்கியோர் அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். ஆகவே, சுறாவுக்கு அஞ்சி மந்திரம் சொல்வோரைக் காவல் வைத்து, மூச்சடக்கி அடிக்கடலில் இறங்கியவன், தான் எடுத்த சிப்பிகளுட் பெரும்பாலானவற்றில் முத்திருந்ததா என்பதைக் கூட அறிந்தானல்லன். எறிவதற்கு அவன் கையில் முத்தேது? அதே 1906 இல் அம்முத்துப் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கும்பனியும் சில ஆண்டுகளில் நொடித்துப் போயிற்று. ஸ்டைன்பெக்கின் கதை நல்ல கதைதான். நமது கரையின் கதை அதனினும் கசப்பானது, இன்னும் எழுதப்படாதது. 1962 இல் ஸ்டைன்பெக்குக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, நீர் அதற்குத் தகுதியுடையவரா என்று பத்திரிகையாளர் கேட்க, உண்மையில் இல்லை என்று அவர் விடையிறுத்தார். ஐம்பதாண்டு கழிந்து வெளியான குழுவின் குறிப்புகளும், தெளிவான தகுதியுடையார் எவரும் தென்படாத ஆண்டிலேயே அவரைத் தெரிந்தனர் எனக் காட்டுகின்றன. அந்த நேர்மைக்காகவே அவரை எமக்குப் பிடிக்கும்.

மூன்றாம் நூலை யாம் வாடியில் வாசிக்கவில்லை. பாப்லோ நெரூடாவின் நினைவுக் குறிப்புகள் அது. இதனை மாணவர் கையிற் போகும் மலரில் எழுதலாமா எனத் தயங்கினோம்; எழுதாதிருப்பது அதனினும் பிழை எனத் தெளிந்தே எழுதுகிறோம். சிலி நாட்டின் தூதரக அலுவலராக 1929 இல் இலங்கைக்கு வந்த நெரூடா வெள்ளவத்தையிற் கடலோர வீடொன்றில் வாழ்ந்தார். அவருடைய பெருங் கவிதைகளுட் சில அக்காலத்தவை. 1971 இல் நோபல் பரிசு பெற்றார். 1973 இல் இறந்தார். மறு ஆண்டு இந்நூல் வெளிவந்தது. அதிலே, தம் வீட்டு மலவாளியை அப்புறப்படுத்த நாள்தோறும் வந்த, ஒடுக்கப்பட்ட குலத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியைத் தாம் ஒருநாட் காலை கையைப் பற்றி இழுத்துப் பலாத்காரஞ் செய்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவள் கண்ணை மூடாது கற்சிலை போற் கிடந்தாள் என்றும், தம்மை அவள் இகழ்ந்தது நியாயமே என்றும் எழுதுகிறார். அவள் பெயர் யாது என்று எழுதவில்லை. 2021 இல் அசோக ஹந்தகம இந்நிகழ்ச்சியைத் திரைப்படமாக்கிய பின்னரே நம்மவர் பலர் இதனைக் கேள்வியுற்றனர்.

நெரூடாவைத் தமிழிற் பெயர்த்துப் போற்றியோர் பலர். யாமும் அவர் கவிதையை மேடைகளில் எடுத்தாண்டவர்தாம். கவிதை இதனாற் கெட்டுவிட்டது என்று கூறமாட்டோம். ஒரு மரம் நிற்குமிடத்தில் என்ன நடந்தது என்பதால் அதன் கனி கைக்காதென்பது உண்மையே. ஆயினும் அந்தப் பக்கத்தை ஸ்பானிய வாசகர் ஒருவர் படிப்பதும் தமிழர் ஒருவர் படிப்பதும் ஒன்றாகா. அங்ஙனமே நம்முள்ளும் எல்லாரும் ஒன்றாகப் படித்தல் இயலாது. அப்பெண்ணை அவ்வாளியைச் சுமக்க வைத்தது சிலி நாட்டார் அல்லரே, நாமேயன்றோ? பரிசு பெற்ற ஆசிரியரைக் கூண்டிலேற்றிவிட்டு நாம் நீதிபதியாக அமர்வது எளிது. யாம் அதற்குத் துணியவில்லை.

நான்காவது, அப்துல்றசாக் குர்னா எழுதிய, 'கடலருகே' எனத் தமிழிற் கூறத்தக்க நாவல். 2001 இல் வெளிவந்தது. சான்சிபார்த் தீவிற் பிறந்த குர்னா, அங்கு 1964 இல் நிகழ்ந்த புரட்சியின் பின் எழுந்த கொடுமைகளினால் இளமையிலேயே நாட்டை விட்டகன்று இங்கிலாந்தில் வாழ்பவர். 2021 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படும் வரை அவர் பெயரை யாம் கேட்டதில்லை. இருபதாண்டாக அந்நாவல் அச்சிலிருந்தும் எமக்கு எட்டவில்லை, பரிசே எட்டுவித்தது. ஆகவே பரிசை யாம் இகழ்வதாக எவரும் கொள்ள வேண்டா.

கதையின் தொடக்கத்தில், சாலே ஓமார் என்னும் முதியவர் மற்றொருவர் பெயரிலுள்ள கடவுச்சீட்டோடு இலண்டன் விமானத் துறையில் வந்திறங்குகிறார். ஆங்கிலம் நன்கறிந்திருந்தும் அறியாதவர் போல் நடிக்கிறார். அவரிடம் இருந்த பொருள்களுள் விலைமதிப்புடையது ஒன்றே: நறும்புகைக்குரிய அகில் அடங்கிய சிறு மரப்பெட்டி. குடிவரவு அதிகாரி அதைத் திறந்து முகர்ந்து பார்த்து, தமக்கென எடுத்துக்கொள்கிறார். அந்த அகில் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொண்டு முதியவர் பேசாதிருக்கிறார். பருவக்காற்றோடு பாய்விரித்துக் கீழைத்தேச வணிகர் சான்சிபார் வந்த நாட்கள் அவர் நினைவில் வருகின்றன.

இக்கதையை யாம் சொன்னது வாடியில் அன்று. உச்சமுனையிலிருந்து கற்பிட்டிக்கு மீளும் நாளில் காற்று மாறிப் படகு தாமதிக்க, கரையிற் காத்திருந்த வேளையிற் சொன்னோம். படகோட்டியின் தகப்பனார் உடனிருந்தார், வயது எம்மை ஒத்தவர், இசுலாமியர், மன்னாரிற் பிறந்தவர். கேட்டு முடித்து, "பெட்டிய திருப்பிக் குடுத்தாங்களா?" என்று வினவினார். இல்லை என்றோம். சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, தாம் இக்கரைக்கு வந்த இரவைச் சொன்னார். எங்களிடம் பெட்டி இல்லை, கொண்டுவர விடவில்லை, மகளின் காதிலிருந்த தோட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் படகேறினோம் என்றார். மகளுக்கு அப்போது நாலு வயதாம்.

1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து இசுலாமியர் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. மன்னாரிலிருந்து கடல்வழி வந்தோர் பலர் கற்பிட்டியிற் கரையேறினர்; புத்தளத்து மக்கள் அவர்களை ஏற்றனர். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் பின்னர் ஓலைக் குடில்களிலும் தங்கியோருட் பலர் ஒரு தலைமுறை கழிந்தும் இங்கேயே உள்ளனர். பேசுவது தமிழ், கனவு காண்பதும் தமிழிலேதான். இவை யாவும் யாம் பத்திரிகையிற் படித்தறிந்தவை அல்ல. அவ்வாண்டு யாம் வடபகுதிப் பாடசாலை ஒன்றில் வகுப்பாசிரியராயிருந்தோம். நவம்பர் தொடக்கத்தில் ஒருநாட் காலை இடாப்பு வாசித்தபோது நாலு பெயர்களுக்கு விடை வரவில்லை. வகுப்பு முழுவதும் எம்மையே பார்த்திருந்தது. யாம் அடுத்த பெயரை வாசித்தோம்.

முப்பதாண்டுக்கு மேலாக அதை யாம் எவரிடமும் கூறியதில்லை. அஞ்சினோம் என்பது உண்மை. அஞ்சியது மட்டுமே காரணம் என்பது உண்மையன்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அத்துயரைத் தமிழ்க் கவிதையாக வடித்தவருள் எம். ஏ. நுஃமானும் ஒருவர், அவர் கிழக்கு மாகாணத்து இசுலாமியர் என்பதை யாம் வகுப்பிற் பெருமையோடு சொல்லியிருக்கிறோம். அந்நாலு பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருந்தனர்.

குர்னாவின் நாவல் மாபெரும் காவியம் என்று யாம் சொல்லவில்லை. நடுப்பகுதியில் வீடொன்றைப் பற்றிய இரு குடும்பத்துப் பழைய வழக்கு மிக நீண்டு வாசகரைக் களைப்பிக்கும். யார் யாருக்கு என்ன முறை என்பதை ஒரு தாளிற் குறித்தே யாம் படித்தோம். ஆனால் அந்த அதிகாரி பெட்டியை முகரும் பக்கத்திற்கு நிகராக யாம் அண்மையிற் படித்தது வேறில்லை. அவர் கொடியவரல்லர், தாமும் அகதியொருவரின் மகன் என்று நயமாகவே பேசுகிறார். நயமாகப் பேசிக்கொண்டே எடுக்கிறார். அப்பக்கத்தை இலண்டனில் இருந்து படிப்போர் சாலே ஓமாராகத் தம்மை எண்ணிப் படிக்கலாம். கற்பிட்டிக் கரையில் அம்மனிதரின் பக்கத்தில் அமர்ந்திருந்த எமக்கு அது இயலவில்லை.

இனி, விழாவைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். வைரவிழா நினைவாகக் கல்லூரி முகப்பிற் தோரணவாயில் அமைப்பதென்று பழைய மாணவர் சங்கத்திற் பேச்சு நிகழ்வதை அறிவோம். தோரணவாயில் அழகானதே, யாம் எதிர்க்கவில்லை. நிதியில் ஒரு சிறு பங்கை மொழிபெயர்ப்புக்கு ஒதுக்குமாறு மட்டும் கேட்கிறோம். நூலகத்துக்கு ஆண்டுதோறும் வாங்கும் பரிசு நூல்களெல்லாம் ஆங்கிலத்திலேயே வருகின்றன. இரவற் பதிவேட்டை யாம் புரட்டிப் பார்த்தோம்; அவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறையும் வெளியே போகவில்லை. தகழியின் 'செம்மீன்' மட்டும் தாள் தாளாகப் பிரிந்திருக்கிறது. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கியிராவிடின் அதுவும் அட்டை கலையாமல் இருந்திருக்கும். தாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கிலக் கீதாஞ்சலி இன்றேல் 1913 இல் அவருக்குப் பரிசு ஏது? நம்மவர் நூல்களைப் பிறர் அறியவில்லை என்று ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் நாம் ஆற்றாமைப்படுகிறோம். பிறர் நூல்களை நமது பிள்ளைகள் அறியச் செய்ய நாம் என்ன செய்தோம் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆங்கிலம் போதிக்கும் ஆசிரியர் இருவரும் தமிழ் போதிக்கும் ஆசிரியர் ஒருவரும் கூடினால், உரிமை பெற்று ஆண்டுக்கு ஒரு சிறு நூலைத் தமிழாக்கலாம். உயர்வகுப்பு மாணவர் படியெடுத்துப் பிழை பார்க்கலாம். அச்சிட்டு நமது நூலகத்தில் வைப்பதோடு நில்லாது, கற்பிட்டியிலும் உடப்பிலும் மன்னாரிலும் உள்ள பாடசாலைகளுக்கும், எம்மதத்தார் நடத்துவதாயினும், அனுப்ப வேண்டும். முதல் நூல் எது என எம்மைக் கேட்பின் குர்னாவையே சொல்வோம். கதை நீளம் என்று தயங்கினால் ஸ்டைன்பெக்கின் 'முத்து' நூறு பக்கத்துக்குச் சற்றே அதிகம். அதற்கான முதற் காசோலையை இக்கட்டுரையோடு செயலாளருக்கு அனுப்பியுள்ளோம். பெரிய தொகையன்று, இளைப்பாறிய ஆசிரியரின் ஓய்வூதியம் எத்தகையது என்பதைப் பழைய மாணவர் அறிவர்.

நூலகருக்கும் ஒரு செய்தி உண்டு. 'கிழவனும் கடலும்' எமது பெயரில் இரவற் பதிவேட்டில் இன்னும் நிற்கிறது. தவணை கடந்து நாலு மாதமாகிறது. உச்சமுனையிலிருந்து புறப்பட்டபோது முதியவர் அதைத் தந்துவிட்டுப் போகுமாறு கேட்டார். தமக்கு எழுத்துத் தெரியாது, பேரப்பிள்ளை வாசித்துக் காட்டுவான் என்றார். அடுத்த முறை வரும்போது பெற்றுக்கொள்வதாகக் கூறிக் கொடுத்துவிட்டோம். வைகாசியில் உறவினரோடு மீண்டும் சென்றபோது வாடி இருந்த இடத்தில் நாலு கம்பங்களும் சாம்பலுமே இருந்தன. சோளகம் எழுந்துவிட்டதால் கிழக்குக் கரைக்குப் போய்விட்டார்கள் என்றும், ஐப்பசி கழியும்வரை வரமாட்டார்கள் என்றும் அயல் வாடிக்காரர் கூறினர். தாமதக் கட்டணத்தைக் கணக்கிட்டு அறிவித்தால் அனுப்பிவைக்கிறோம். வேறொரு பிரதி வாங்கும் விலையையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.